இடப்பக்கம் சுற்றிய வண்டி

சரோஜாவுக்கு மற்ற விஷயங்களில் பொய் வராது. விலை கேட்டால் மட்டும் நாக்கு தானாகப் புரளும். ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு வாங்கிய ஸ்டியரிங் மோட்டார் தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது என்ற தைரியத்தில், “இருநூறு ரூபாங்க” என்பாள். ஆயிரத்தெண்ணூறு ரூபாய் பேட்டரியைக் காட்டி, “பழசு, சும்மா குடுத்தாங்க” என்பாள். வாங்கிய புடவைக்குப் பாதி விலை சொல்லாத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? இவள் புடவைக்கு முழு விலை சொல்லிவிட்டு ரேஸ் காருக்குப் பாதி விலை சொன்னாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு முந்தின வளைவில் அவளும் அவள் புருஷன் ராஜேந்திரனும் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார்கள். மோட்டாரைக் கழற்றுவது, மாட்டுவது, அவசரப்படும் விவசாயிகளைச் சமாதானம் செய்வது எல்லாம் ராஜேந்திரன். காயில் கட்டுவது சரோஜா. பதினைந்து வருஷமாகச் செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அவள் விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு வெள்ளைக்காரர் கடைக்கு வந்தார். காலையெல்லாம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வாடகை வீட்டு மொட்டை மாடியில் ரிமோட் கார் விரட்டுகிற ஆசாமி. முழங்கை நீளக் கார். அதன் மோட்டார் புகைந்துவிட்டது. சரோஜா பிரித்துப் பார்த்தாள். மூன்று பல், பல்லுக்கு இருபத்தேழு சுற்றுக் கம்பி. சுற்றைக் கம்மி பண்ணிக் கம்பியைத் தடிமனாக்கினால் வேகம் ஏறும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தோரு சுற்றுப் போட்டுக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் கார் மாடிச் சுவரில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது. வெள்ளைக்காரர் கைதட்டிச் சிரித்தார். ஊர் திரும்பும்போது தன்னுடைய பழைய ரிமோட் ஒன்றைக் கூலிக்கு மேல் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு அவளைப் பிடித்தது பைத்தியம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பதினைந்து வருஷத்தில் அவள் கட்டிய காயில்கள் எத்தனை ஆயிரமோ, ஒன்றுகூட ஓடி அவள் பார்த்ததில்லை. எல்லாம் முந்நூறு அடி ஆழத்தில் போர்வெல் குழாய்க்குள் போய் இறங்கிவிடும். திரும்பி வந்தால் எரிந்துபோய்த்தான் வரும். முதல் தடவையாக அவள் கை சுற்றிய கம்பி அவள் கண் முன்னால், வெயிலில், தரையில் பறந்தது. இந்த வயதில் இது என்ன என்று கேட்பவர்கள், முந்நூறு அடி ஆழத்தில் தங்கள் வேலையைப் புதைத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

கடைப் பின்னறையில் ஒரு மேஜை போட்டாள். சுவிட்ச் போர்டுக்கு அடிக்கிற ஹைலம் அட்டையை ரம்பத்தால் அறுத்து வண்டிக்கு அடித்தட்டு செய்தாள். ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி, சாணைக்கல்லில் உருட்டி டயர். பழைய எக்ஸ்ரே பிலிமை வளைத்து மேல்கூடு. எவருடைய விலா எலும்போ வண்டியின் முதுகில் வரிவரியாகத் தெரியும். இதெல்லாம் மலிவு. ஆனால் ரிசீவர், ஸ்டியரிங் மோட்டார், பேட்டரி, பேரிங் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஆனை விலை குதிரை விலை. ஆனை வாங்கினவள் அங்குசத்துக்கு யோசிக்கலாமா? கால் கொலுசு போயிற்று. தீபாவளிப் புடவை இரண்டு வருஷம் போயிற்று. ராஜேந்திரன் தலையைச் சொறிவானே தவிர, தடுக்கவில்லை. விலை கேட்டால் அவனும் அவளோடு சேர்ந்து பொய் சொன்னான். நல்ல புருஷன்.

ஓட்டிப் பழகக் கீழ்பென்னாத்தூர் போவார்கள். அங்கே அவள் அண்ணன் சகாதேவனுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயப்போடும் சிமெண்டுக் களம் இருந்தது. நாலு மூலைக்கும் நாலு செங்கல். ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டி சுற்றோ சுற்றென்று சுற்றும். ஒரே பக்கம் திரும்பித் திரும்பி வண்டி வெளியே சாய்கிறது என்று பேட்டரியை உள்பக்கமாக, வலது ஓரத்துக்கு நகர்த்தினாள். இடது டயர் சீக்கிரம் தேய்கிறது என்று அதற்கு மட்டும் கெட்டியான செருப்பு போட்டாள். இரண்டு வருஷத்தில் வண்டி வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது.

பிறகு வந்தது வினை. மகள் கவிநிலாவின் மஞ்சள் நீராட்டு விழா, சொந்தம் எல்லாம் கூடியிருந்தது. ராஜேந்திரனின் அண்ணன் சக்கரவர்த்தி, கடைக் கட்டடத்தைத் தன் பேரில் வைத்திருப்பவர், பாய் எடுக்கப் பின்னறைக்குப் போனவர், பாயோடு ஒரு ரசீதையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“நாலாயிரத்து எண்ணூறு” என்று பந்திக்கே கேட்கிற மாதிரிப் படித்தார். “ஏம்மா சரோஜா, எண்ணூறுனு தானே சொன்ன? முன்னாடி இருந்த நாலாயிரம் எங்க போச்சு?”

சரோஜா சாம்பார் வாளியோடு நின்றாள்.

“இன்னும் எத்தினி ரசீது இருக்குதோ. பொண்ணு பெரியவளாயிட்டா. நகை சேக்கற வயசுல பொம்மை சேக்கறியே, நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? வர பௌர்ணமியோட பின்னறையைக் காலி பண்ணிக் குடு. செல்போன் கடைக்காரன் அட்வான்சோட நிக்கறான்.”

அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. அவமானத்தைவிடக் கோபம் ஜாஸ்தி. வாளியைக் கீழே வைத்தாள்.

“மாமா, போன மாசம் உங்க கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முப்பதடி பேனர் வச்சீங்களே, அதுக்கு எவ்ளோ ஆச்சுனு உங்கள யாராச்சும் கேட்டாங்களா?”

பந்தியில் யாரோ சிரித்துவிட்டுச் சிரிப்பை ரசத்தோடு சேர்த்து விழுங்கினார்கள்.

“அது ஊர் மரியாதை” என்றார் சக்கரவர்த்தி. “இது என்னாது? களத்துல காக்காவை விரட்டுது. நாலு பேரோட ஓடவுட்டா நாலு சுத்து தாங்காது.”

“சென்னையில அடுத்த மாசம் ரேஸ் வைக்கிறாங்க. அஞ்சு நிமிஷம். ஓடி முடிச்சு கோட்டைத் தாண்டிட்டா?”

“தாண்டிட்டா பின்னறை உனக்கே. எவ்ளோ ஆச்சுனு வாயத் தொறக்க மாட்டேன். தாண்டலைனா?”

“நானே எல்லாத்தையும் காயலான் கடையில எடைக்குப் போட்டுடறேன். ரிமோட்டோட.”

சொல்லிவிட்டாள். பக்கத்தில் ராஜேந்திரன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

சாட்சிக்கு சக்கரவர்த்தியே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் கரை போட்ட துண்டு. விடிகாலை பஸ் பிடித்துத் தாம்பரம் இறங்கி, ஆட்டோவில் ஒரு கல்லூரியின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். தரையில் வெள்ளைக் கோடும் பழைய டயருமாகப் பாதை போட்டிருந்தார்கள். ஏழெட்டு மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஜப்பானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பளபள வண்டிகள். ஒரு வண்டியின் டயர் விலையில் சரோஜா ஒரு வருஷத்துக்கு ஹவாய் செருப்பு வாங்கியிருப்பாள்.

பேர் எழுதிக்கொண்டிருந்தவன் வளவன், இன்ஜினியரிங் மாணவன், அவனும் ஓட்டுகிறவன். நல்ல பையன்தான். “ஆன்ட்டி, பசங்க யாரு? பேர் சொல்லுங்க” என்றான்.

“சரோஜா.”

“உங்க பேர் இல்ல ஆன்ட்டி, ஓட்டறவங்க பேரு.”

“அதான் சொன்னேன்.”

வளவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மேஜையில் இருந்த வண்டியைப் பார்த்தான். எக்ஸ்ரே பிலிமில் இருந்த விலா எலும்புகளை விரலால் எண்ணினான். மோட்டாரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. “இது எங்க வாங்கினீங்க?”

“வாங்கல. சுத்தினேன்.”

பழகிப் பார்க்க மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறி ரிமோட்டைப் பிடித்தாள். கோட்டிலிருந்து வண்டி அம்பாகக் கிளம்பியது. அவள் வலப்பக்கம் போனாள். மற்ற ஐந்து வண்டிகளும் இடப்பக்கம் போயின.

“ஆன்ட்டி, இந்தப் பக்கம்! ஆன்டி-கிளாக்வைஸ்!” என்று வளவன் கத்தினான்.

திருப்பிக்கொண்டு வந்தாள். முதல் இடது வளைவு. வண்டி குப்புறக் கவிழ்ந்தது. ஒருவர் ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தார். அடுத்த வளைவு. மறுபடியும் கவிழ்ந்தது. மூன்றாவதிலும் சொல்லி வைத்த மாதிரி கவிழ்ந்தபோது எல்லா மேஜைகளிலிருந்தும் சிரிப்புக் கேட்டது.

“நாலு சுத்துனு தப்பா சொல்லிட்டேன்” என்றார் சக்கரவர்த்தி, கீழே நிழலில் நின்றுகொண்டு. “நாலு திருப்பத்தையே தாங்கலை.”

சரோஜா வண்டியைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். ராஜேந்திரன் அச்சைச் சோதித்தான், சக்கரத்தை ஆட்டினான். “எல்லாம் சரியாத்தான் இருக்குது சரோ. களத்துல ஒருதபா கூடக் கவுந்ததில்லையே. என்னா ஆச்சு இதுக்கு?”

அவள் பேட்டரியைப் பார்த்தாள். வலது ஓரம். டயரைப் பார்த்தாள். இடது கெட்டி, வலது மெத்து. மெதுவாகப் புரிந்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏங்க, நாம களத்துல எந்தப் பக்கம் சுத்தினோம்?”

“வலப்பக்கம். வேற எந்தப் பக்கம் சுத்துவாங்க?” என்றவன் வாய் திறந்தபடி நின்றான்.

இரண்டு வருஷம். நூறு ஞாயிற்றுக்கிழமை. ஒரு தடவைகூட இருவருக்கும் மறுபக்கம் சுற்றத் தோன்றவில்லை. தோன்றாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் மலையை வலம் வருகிற ஊர். குடி போதையில் இருப்பவன்கூட அங்கே இடம் வர மாட்டான். அந்த ஊரில் பிறந்தவனிடம் ஒரு வட்டத்தைக் கொடுத்தால் கால் தானாக வலப்பக்கம் போகும். கீழ்பென்னாத்தூர் அண்ணனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அவனுக்கும் தோன்றவில்லை. வலப்பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த ஒரு வண்டியை முப்பதாயிரம் செலவழித்து அவர்கள் கட்டி முடித்திருந்தார்கள்.

“எப்பவும் இந்தப் பக்கம்தானா?” என்று வளவனைக் கேட்டாள்.

“ஒரு மாசம் அப்படி, ஒரு மாசம் இப்படி. டயர் ஒரே பக்கம் தேயக்கூடாதுல்ல? இந்த மாசம் இப்படி” என்றான். பிறகு தயங்கி, “அடுத்த மாசம் வாங்க ஆன்ட்டி. கட்டின பீஸைத் திருப்பித் தரச் சொல்றேன்” என்றான்.

கௌரவமான வழிதான். சக்கரவர்த்தி காதிலும் அது விழுந்தது. “தம்பி சொல்றது நியாயம். வாங்கிட்டுக் கிளம்பும்மா. போற வழியிலேயே காயலான் கடை பாத்தேன்” என்றார்.

“பீஸ் அங்கயே இருக்கட்டும் தம்பி. ரேஸுக்கு இன்னும் எவ்ளோ நேரம்?”

“நாப்பது நிமிஷம்.”

அடித்தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பேட்டரிக்கு வலது ஓரத்தில் ஒரு பள்ளம் அறுத்திருந்தாள், இடப்பக்கம் இல்லை. புதிதாக அறுக்க ரம்பம் இல்லை. மேஜைக்கு மேஜை இருந்த ஜப்பான் வண்டிகளுக்கெல்லாம் அச்சில் வார்த்த தொட்டி மாதிரி அடித்தட்டு, மேல் மேல்தான், கீழ் கீழ்தான். அவளுடையது தட்டையான ஹைலம் அட்டை. பேட்டரிப் பள்ளம் உள்பட எல்லா ஓட்டையும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிற ஓட்டை.

“திருப்பிப் போட்டுடலாம்” என்றாள். “தோசை மாதிரி.”

ராஜேந்திரனுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிடிபட்டதும், “போல்ட் தலை புதையற குழி மேல போயிடும், தலை கீழ நீட்டிக்குமே சரோ. தரையில உரசும்” என்றான்.

“உரசட்டும்.”

இருபத்திரண்டு போல்ட். அவள் கழற்றக் கழற்ற வைக்க இடமில்லை, மேஜை சரிவாக இருந்ததால் உருண்டன. நிமிராமலே, “மாமா, துண்டை விரிங்க” என்றாள். சக்கரவர்த்தி இருபது வருஷமாக ஏவிப் பழகியவர், ஏவப்பட்டுப் பழகாதவர். என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது, இரு கையாலும் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் போல்ட்டுகள் விழுந்தன, நட்டுகள் விழுந்தன, பேரிங் விழுந்தது. “ஆடாதீங்க மாமா, ஒண்ணு தொலைஞ்சாலும் போச்சு” என்றாள். அவர் ஆடவில்லை. முகத்தில் வியர்வை வழிந்ததைத் துடைக்கவும் கையில்லை, துண்டும் இல்லை.

அட்டையைப் புரட்டினாள். வலது ஓரத்துப் பள்ளம் இடது ஓரத்துக்கு வந்தது. மோட்டார், அச்சு, ஸ்டியரிங் எல்லாவற்றையும் மறுபக்கத்தில் ஏற்றினாள். டயரை இடம் வலம் மாற்றினாள். கடைசி நட்டை முடுக்கும்போது மைக்கில் பேர் கூப்பிட்டார்கள்.

ஆறு வண்டிகள். விசில் ஊதியதும் சரோஜாவின் வண்டி மூன்றாவதாகப் பாய்ந்தது, அவள் சுற்றிய காயிலின் வேகம் அது. முதல் வளைவில் கை பழக்க தோஷத்தில் வலப்பக்கம் இழுக்க, நேரே டயரில் போய் முட்டியது. ஆறாவது ஆனாள். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். அடுத்த வளைவு, இடம். ‘இடம், இடம்’ என்று வாய்விட்டே சொன்னாள். வண்டி போனது. கவிழவில்லை. அடியில் போல்ட் தலைகள் சிமெண்டில் கிறீச்சிட்டுப் பொறி பறந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பொறியைப் பார்த்தார்கள். இரண்டாம் நிமிஷத்தில் வளவனின் வண்டி அவளைத் தாண்டிப் போனது, மூன்றாம் நிமிஷத்தில் இன்னொரு தடவை தாண்டியது. போகட்டும். அவளுக்கு வேண்டியது கோடு. மறுபக்கத்தில் ஒரு சிவப்பு வண்டி பல்சக்கரம் உடைந்து ஓரமாக நின்றது. இரண்டாயிரம் ரூபாய்ப் பல்சக்கரம்.

நாலரை நிமிஷத்தில் பின் வலது டயர் பிய்ந்தது. ஹவாய் செருப்பு எவ்வளவுதான் தாங்கும்? வண்டி ஒரு பக்கம் குந்திக்கொண்டு, வெறும் சக்கரத்தை இழுத்துக்கொண்டு ஊர்ந்தது. ஐந்து நிமிஷ ஹாரன் அடித்துவிட்டது, இனி ஓடுகிற சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டினால் போதும். மற்ற வண்டிகள் கோட்டைத் தாண்டி நின்றன. இவளுடையதற்கு இன்னும் ஒரு வளைவும் பத்தடியும் பாக்கி.

“விடாதே” என்று யாரோ கத்தினார்கள். கத்தியது சக்கரவர்த்தி. தான் எந்தக் கட்சி என்பதை அந்த ஒரு நொடி மறந்துவிட்டார், பாவம்.

வளைந்தது, வந்தது, நொண்டியது, கோட்டைத் தாண்டியது. சரோஜா மேடையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். துக்கமும் இல்லை, பயமும் இல்லை. அவள் வண்டி ஓடி முடித்துவிட்டது, அதற்குத்தான் அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் சக்கரவர்த்தி துண்டில் பட்டிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே வந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“அஞ்சாவதாத்தான் வந்த.”

“கோட்டைத் தாண்டுச்சா, இல்லையா?”

“தாண்டுச்சு. பின்னறை உனக்குத்தான், நான் பேச்சு மாற மாட்டேன். ஆசை தீந்துச்சுல்ல? இத்தோட வுட்டுடு.”

“இன்னிக்குத்தான் மாமா ஆரம்பிச்சிருக்கு” என்றாள் சரோஜா. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டில் கிரீஸ் கறை அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர்க் களத்தில் வண்டி இடப்பக்கமாகச் சுற்றியது. பழைய அட்டை போய்ப் புது அட்டை, இரண்டு ஓரத்திலும் பள்ளம், போல்ட் தலை இரண்டு பக்கமும் புதைகிற மாதிரி. மல்லாட்டை அள்ள வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். அண்ணன் சகாதேவன் வரப்பிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“ஏம்மா, எடம் சுத்தாத! வெள்ளாமை வர எடம். குடும்பத்துக்கு ஆவாது!”

“நான் சாமியையா சுத்தறேன் அண்ணா? நாலு செங்கல்லைச் சுத்தறேன். உன் செங்கல்லுக்குக் கோவம் வந்தா என்கிட்ட வந்து சொல்லச் சொல்லு.”

சக்கரவர்த்தியும் வந்திருந்தார். மல்லாட்டை மூட்டை வாங்க வந்ததாகச் சொன்னார், மூட்டைப் பக்கமே போகவில்லை. வண்டி தன் காலை நோக்கி வந்தபோது வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு துள்ளி நகர்ந்தார். பேச மாட்டேன் என்று கொடுத்த வாக்கு நெஞ்சில் முட்டியிருக்க வேண்டும். அவளைக் கேட்காமல் தம்பியைக் கேட்டார்.

“புதுசா இருக்குதேடா. எவ்ளோ ஆச்சு?”

ராஜேந்திரன் பழக்கத்தில், “அது ஒரு இருநூறு...” என்று ஆரம்பித்தான்.

“பொய் சொல்லாதீங்க” என்றாள் சரோஜா. கண்ணை வண்டியிலிருந்து எடுக்காமல், களத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். “எல்லாம் சேத்து முப்பத்தோராயிரத்து அறுநூறு ஆச்சு மாமா. என் கையால கட்டின காயில் காசு. இன்னும் ஆவும்.”

வண்டி இடப்பக்கம் திரும்பி அவரைச் சுற்றிக்கொண்டு போனது.